மதிலோரத்தில் ஓர் இடம்

எங்கள் கோயிலில், பூசையில் நற்கருணையாகிய நன்மை வாங்கப் போகும் வரிசை பீடத்துக்குச் சற்று முன்பாக இடப்பக்கம் ஒதுங்கி, கொஞ்சத் தூரம் வளைந்து சென்று, மறுபடி நேராகும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதன் காரணம் விளங்குவதில்லை. அவர்களும் முன்னால் போகிறவரைப் பார்த்து வளைந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில், தரைக்குக் கீழே, இந்தக் கோயிலைக் கட்டி முடித்த குருவானவர் கிடக்கிறார். அவருடைய கல்லை மிதிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சிறுவயதில் சொல்லியிருந்தார்கள். பின்னர் கல்லின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். எழுத்துகள் மறைந்தன, வரிசை மட்டும் இன்னும் வளைந்துகொண்டிருக்கிறது.

இறந்த பிறகும் ஓர் ஊரையே வளைந்து நடக்கவைப்பது எத்தகைய பேறு என்று நான் பத்து வயதிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த வயதுப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கும் விடயம் அதுவல்ல. பூசை நீளும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் பல்லிகளைப் பார்க்க, நான் சுவரில் பதித்த கற்களை வாசிப்பேன். காய்ச்சலில் போன கப்பல் அதிகாரி, பிரசவத்தில் போன அவருடைய இளம் மனைவி, பள்ளிக்கூடங்களை நிறுவிய குருமார் என்று எல்லோரையும் எனக்குத் தெரியும். என் ஆங்கிலத்தில் பாதி அந்தக் கற்களிலிருந்து வந்தது. பிற்காலத்தில் நான் ஆசிரியையாகி எழுதிய விடுமுறை விண்ணப்பத்தை வாசித்த அதிபர், “டீச்சர், லீவு கேக்கிறியளோ, உலகத்தை விட்டுப் போறியளோ?” என்று கேட்டார்.

எங்கள் பங்கில் இறந்தவர்களுக்கும் படிநிலை உண்டு. கோயிலின் உள்ளே, தரைக்குக் கீழே, பழைய காலத்துக் குருமார். வெளியே, தென்புற மதிலோரத்தில், ஊருக்குப் பெரியவர்கள் என்று கருதப்பட்ட, குருமார் அல்லாத சில பொதுநிலையினர். மற்ற எல்லோருக்கும் பொது இடுகாடான கடற்கரைச் சேமக்காலை. மதிலோரத்தில் கல்லறைகள் நெருங்கி, கடைசியாக ஒரேயோர் இடம்தான் மிஞ்சியிருந்தது. ஒருபுறம் காணி உறுதி எழுதிய ஒரு நொத்தாரிசு, மறுபுறம் ஒரு தலைமையாசிரியர். நடுவில் குரோட்டன் செடிகள் நின்றன. நொத்தாரிசுக்கும் தலைமையாசிரியருக்கும் நடுவே ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை கிடப்பது பொருத்தமான அயல் என்று எனக்குத் தோன்றியது. இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்து அந்த வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு காணி வாங்க நினைப்பவர் வேலியைப் பார்ப்பதுபோல அந்தக் குரோட்டன்களைப் பார்ப்பேன்.

எனக்கு அந்த இடத்தின் மீது ஓர் உரிமை உண்டென்றே நம்பினேன். எங்கள் கோயிலில் பெரியவர்களின் அடக்கப் பூசை முடிந்ததும், பெட்டியைத் தூக்குமுன் ஒருவர் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டும். பல வருடங்களாக அந்த ஒருவர் நான்தான். பிறப்பு, படிப்பு, தொண்டு, பண்பு என்று ஒழுங்காகச் சென்று, உடல் எங்கே இளைப்பாறப் போகிறது என்ற வாக்கியத்தில் முடிப்பேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் பெட்டி தூக்குகிறவர்களுக்கு அடையாளம். நான் வாயை மூடியதும் அவர்கள் குனிவார்கள்.

என் கணவர் சைவ சமயத்தவர். துறைமுகத்தில் இழுவைப் படகில் இயந்திரம் பார்த்தவர். இரு வீட்டாரும் விரும்பாத திருமணம் எங்களுடையது. இன்று விரும்பாதவர்கள் எவரும் உயிரோடு இல்லை, நாங்கள் இருக்கிறோம். செத்தவீட்டுப் பூசைகளுக்கு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார். உள்ளே மட்டும் வரமாட்டார். மதிலுக்கு வெளியே வேம்பின் கீழ் நின்றுவிடுவார்.

“உள்ளுக்கு வந்து இருங்கோவன், கதிரை கிடக்கு” என்றால், “வேண்டாமப்பா. பூசை நீளம். நீர் வாசிச்சா இன்னும் நீளம். செத்தவர் பாவம், அவருக்கு எழும்பிப் போக ஏலாது” என்பார்.

சென்ற ஆவணியில் எங்கள் ஊர் டொக்டர் காலமானார். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் படகேறி வந்து அவரிடம் மருந்து எடுத்தவர்கள் ஏராளம். செய்தி கேட்டதும் எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. அந்தத் துக்கத்தின் அடியில் வேறொரு துக்கமும் இருந்தது. மதிலோரம் போய்விட்டது. அவரை விடப் பெரியவர் எவர்? அந்த இடத்துக்கு உரியவர் அவரே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, என் தியாகத்தை நானே மெச்சியபடி, அவருக்கான குறிப்பை எழுதத் தொடங்கினேன். ‘தாம் நேசித்த இவ்வாலயத்தின் மதில் நிழலில், தமக்கு முன் சென்ற சான்றோரின் அருகே இளைப்பாறப் போகிறார்’ என்று முடித்தேன். எங்கே அடக்கம் என்று வீட்டாரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. தெரிந்த விடயத்தை யார் கேட்பார்கள்?

அன்று கோயில் நிரம்பி வழிந்தது. கச்சான் காற்று ஒரு கதவால் புகுந்து மறு கதவால் போய்க்கொண்டிருந்தது. தாளை இரு கைகளாலும் பிடித்தபடி, நிறுத்தி நிதானமாக, அந்தக் கடைசி வாக்கியத்தை வாசித்தேன். பெட்டி தூக்க நின்ற ஆண்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். வகுப்பில் ஒருநாளும் சொன்னதைக் கேட்காதவர்கள், அன்று கேட்டார்கள். முன்வாசலில் சவ வண்டி கதவு திறந்து காத்து நிற்க, அவர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிப் பக்கக் கதவால் மதிலை நோக்கி நடந்தார்கள். வீட்டார் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டார்கள் என்று பாதர் நினைத்தார். பாதர் எதையோ மாற்றியிருக்கிறார் என்று வீட்டார் நினைத்தார்கள். பாண்ட் வாத்தியக்காரர் எதையும் நினைக்கவில்லை, பின்னால் போனார்கள். ஊரும் போனது.

மதிலோரத்தில் குரோட்டன் செடிகளும் தண்ணீர்க் குழாயொன்றும் இருந்தன. குழி இல்லை.

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. முன்னால் தூக்கி நின்றவன், கழுத்து நரம்பு புடைக்க, தலையைத் திருப்பினான்.

“டீச்சர், குழி எங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் என் சொல்லுக்கு அவ்வளவு பேர் ஒன்றாகக் கீழ்ப்படிந்தது அன்றுதான். நான் கையிலிருந்த தாளைத் திருப்பி மறுபக்கம் பார்த்தேன். அங்கே குழி எழுதப்பட்டிருக்கும் என்று நம்பினேன்போலும்.

டொக்டரின் மகள் அருகே வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அழுத கண்களில் சிரிப்பும் இருந்தது.

“டீச்சர், குழி கடற்கரையில வெட்டிக் கிடக்கு. அப்பா சொல்லிப்போட்டுத்தான் போனவர். அம்மா அங்க தனியக் கிடக்கிறா, என்னை மதிலுக்குள்ள வைச்சுப்போடாதேங்கோ எண்டு.”

டொக்டரின் மனைவி முன்னரே இறந்தவர். அமைதியான பெண். அவருக்கு யாரும் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கவில்லை. அவரை மதிலோரத்தில் வைப்பதைப் பற்றி அன்று ஒருவரும் பேசவுமில்லை, நானும் பேசவில்லை. பெட்டி திரும்பியது. வேம்பின் கீழ் நின்ற என் கணவர் ஊர்வலம் ஒருதரம் போவதையும் மறுதரம் வருவதையும் பார்த்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், பின்னால் இருந்த எனக்கு அவர் முதுகு சிரிப்பில் குலுங்குவது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிய பாதர் என்னைக் கூப்பிட்டார்.

“டொக்டர் அந்த இடத்தை எடுக்கேல்ல. இனி டீச்சரை விட்டா ஆர் இருக்கினம்? சபையில கதைச்சாச்சு. எல்லாருக்கும் சம்மதம். அவசரம் ஒண்டும் இல்ல, ஆறுதலா வாங்கோ.”

நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். மனதுக்குள் கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அது நெடுங்காலமாகவே தயாராக இருந்தது.

வீட்டில் என் கணவர் கிணற்றடியில் இருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன்.

“மதிலோரமோ? நல்ல இடம். பின்னேரம் நிழல் விழும்.”

“ஒராளுக்குத்தான் இடம்.”

“ஓம், அது தெரியுந்தானே.”

“அப்ப நீங்கள்?”

“நான் என்னத்தைச் செய்யிறது? எரிஞ்சுபோடுவன். சாம்பலைத் துறைமுக வாயில, வெளிக்கடல் தொடங்கிற இடத்தில கொண்டுபோய்ப் போடச் சொல்லி மகளிட்டச் சொல்லிட்டன்.” ஒரு மீனின் தலையைக் கிள்ளிக் காகத்துக்கு எறிந்தார். “நீர் யோசியாதையும். இவ்வளவு காலமும் மதிலுக்கு வெளியில நிண்டு பழகிட்டன்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். பதில் சொல்வதில் நான் தேர்ந்தவள்.

மறுநாள் தனியே கோயிலுக்குப் போய், குரோட்டன்களை விலக்கி அந்த இடத்தில் நின்று பார்த்தேன். முதன்முறையாக அதைக் கல்லை வாசிக்கிறவரின் பக்கத்திலிருந்தன்றி, கிடக்கப்போகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தேன். மதில் உயரம். கடல் தெரியவில்லை, கேட்கவுமில்லை. பாதர் குடியிருக்கும் குருமனைக் குசினியிலிருந்து வெங்காயம் தாளிக்கும் மணம் வந்தது. நொத்தாரிசு உயிரோடிருந்த காலத்தில் அவருடன் ஐந்து நிமிடம் பேசினாலே எனக்குக் கொட்டாவி வரும் என்பதும் நினைவுக்கு வந்தது. டொக்டர் இந்த ஊரில் எல்லாருடைய நோயையும் சரியாகச் சொன்னவர். என்னுடையதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மறுப்பைப் பெருந்தன்மையுடன் தெரிவிக்கும் சில வாக்கியங்களைத் தயாரித்திருந்தேன். பாதர் வற்புறுத்துவார், நான் கண் கலங்குவேன், அவர் மேலும் வற்புறுத்துவார் என்பது என் கணக்கு. முதல் வாக்கியம் முடியவில்லை.

“மெத்தச் சந்தோசம், டீச்சர்!” என்றார் பாதர். “கன்னியர் மடத்தில வயசுபோன மதர் ஒராள் இருக்கிறா. அவவுக்கு எங்க இடம் பாக்கிறதெண்டு நான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். உங்களிட்ட எப்பிடிக் கேக்கிறதெண்டுதான் தெரியேல்ல.”

மிச்ச வாக்கியங்களை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்த வாரமே கணவரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சேமக்காலைக்குப் போனேன். அவர் இம்முறை வெளியே நிற்கவில்லை; அங்கே சுவர் இடிந்து கிடந்ததால் எது வெளி, எது உள் என்பது தெளிவாக இல்லை. ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று யாரோ ஒருவருடைய மலர்வளையத்தைத் தின்றுகொண்டிருந்தது. கடைசி வரிசைக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் வெளிக்கடல். துறைமுக வாய் எந்தப் பக்கம் என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். “கரையை விட்டா எல்லாம் ஒரே தண்ணிதான்” என்றார்.

சேமக்காலையைப் பார்த்துக்கொள்கிறவர் மண்வெட்டியோடு வந்தார். கடைசி வரிசையில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்றேன். கோயிலில் எனக்கிருந்த மதிப்பை அவருக்கு விளங்கும்படி இரண்டொரு சொல்லில் குறிப்பிட்டேன்.

“இஞ்ச முன்கூட்டிக் குடுக்கிறேல்ல, அம்மா,” என்றார் அவர். “ஆள் வந்தாப் பிறகுதான் இடம். வாற ஒழுங்கில வெட்டுவம்.”

“அப்ப கடல் பக்கம் கிடைக்க வேணுமெண்டா எப்ப வரவேணும்?” என்று என் கணவர் மிகுந்த அக்கறையுடன் விசாரித்தார்.

மண்வெட்டிக்காரர் வரிசைகளைத் திரும்பிப் பார்த்து, மனதுக்குள் கூட்டிக் கழித்தார். “மாரிக்கு முதல் எண்டாத் திறம். மாரியில அந்தப் பக்கம் தண்ணி நிக்கும், வெட்ட ஏலாது.”

மாரிக்கு அதிக நாள் இருக்கவில்லை. கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த வருடம் வசதிப்படாது, தண்ணீர் வற்றட்டும் என்று இருவருமாகத் தீர்மானித்து, வழியில் ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.