ஐந்தாவது பதிப்பிலும் வராத பாலத்து இசை

பல்செட் செய்து கொடுக்கும் அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதிலிருந்தே புதையல் தேடும் அந்தப் படவரிசை என்றால் உயிர். இரண்டாம் படத்தில் தொங்குபாலம் அறுந்து விழும்போது வரும் நான்கு நிமிட இசை மட்டும் எந்த ஆல்பத்திலும் முழுதாக வந்ததில்லை. இந்தத் தடவை ஒன்றுவிடாமல் இருக்கிறது என்று ஆல்பம் வெளியிடும் கம்பெனி சத்தியம் செய்யாத குறையாக விளம்பரப்படுத்தியதால், அலங்காரப் பெட்டியில் வந்த ஐந்தாவது பதிப்பையும் வாங்கினாள். பட்டறையில் பல்செட்டுக்கு மெழுகு செதுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ஒன்றரை நிமிடத்தில் இசை தேய்ந்து நின்றுவிட்டது.

ரசிகர் குழுவைத் திறந்தால், "பெட்டி செம அழகு" என்று ஆளாளுக்கு உருகிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியையா காதுல வச்சுக் கேக்கப் போறீங்க?" என்று எழுதினாள்.

"கிடைச்சதுக்கு சந்தோஷப்படுங்க மேடம்" என்று பதில் வந்தது. அவள் பெட்டியை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"திருப்பிக் குடுத்துட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"அதுக்குத்தான் கிளம்பறேன். தொடவே அருவருப்பா இருக்குங்க."

கடைக்காரர் மேசைக்கு அடியைக் காட்டினார். திரும்பி வந்த பெட்டிகள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"எல்லாரும் அந்தப் பாலத்தைத்தாம்மா சொல்றாங்க."

"அப்புறம் ஏன் குழுவுல ஒருத்தரும் வாயத் திறக்கல?"

கடைக்காரர் அவள் பெட்டியையும் வாங்கி அந்த அடுக்கின் மேல் வைத்தார். அவளுக்குக் கம்பெனியைவிட அந்த ரசிகர்கள் மேல்தான் வெறுப்பு பொங்கியது. கடை வாசலில் நின்றபடியே குழுவிலிருந்து விலகினாள்.