இரண்டும் வலக்கை

தண்டையார்பேட்டையில் பஸ் திரும்பும் முனையில் என் தையல் கடை. பேப்பரில் அளவு வரைந்து வெட்டும் பழக்கமெல்லாம் எனக்கில்லை. துணியை விரித்தால் கத்தரிக்கோல் தானே ஓடும் என்பார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் மட்டும், "என் கையில இருக்கிற ஞானம் ஆண்டவர் குடுத்தது" என்பேன். சாட்சி சொன்ன வாரம் நாலு பிளவுஸ் கூடுதலாக வரும். அதையும் மறைப்பதற்கில்லை.

கொக்கி வைக்கவும் ஓரம் அடிக்கவும் கடைக்கு ஓர் அக்கா வருவார். முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஊசியைத் தொடும்போதெல்லாம் பிஸ்மில்லா சொல்வார். "சொல்லலன்னா கொக்கி நிக்காதாக்கா?" என்று கிண்டலடிப்பேன். அவர் பாட்டுக்கு நூல் கோர்த்துக்கொண்டிருப்பார்.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பிளவுஸ் வந்தது. மறுநாள் கல்யாணம். பட்டுப் புடவையும் ஃபால்ஸ் தைப்பதற்காக எங்களிடமே இருந்தது. நான் போனில் பேசிக்கொண்டே வெட்டினேன். அந்தத் துணியில் ஜரிகை ஒரு பக்கம்தான், புரட்டித் தைக்க முடியாது. ஒரு கையை வெட்டியதும் துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த கையை வெட்ட வேண்டும். நான் திருப்பவில்லை. இரண்டும் வலக்கையாகிவிட்டன. மிச்சத் துணி ஒரு சாண்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா வந்து நின்றார்.

"இன்னாம்மா, மூஞ்சே சரியில்ல. துணிக்கு இன்னா ஆச்சு?"

நான் யோசிக்கவே இல்லை. "கை ரெண்டும் ஒரே பக்கமா வெட்டிட்டாங்கம்மா இந்த அக்கா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல" என்றேன்.

அந்தம்மா அக்காவை வாய்க்கு வந்தபடி பேசினார். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு புடவையை விரித்து, இடுப்பில் சொருகும் முனையை எடுத்துக் காட்டினார். "இத்த யாரு பாக்கப் போறா? ரெண்டு கையும் பார்டரோட இதுலயே எடுத்துடலாம்." அந்தம்மா அரைமனதாகத் தலையாட்ட, பிஸ்மில்லா சொல்லி அக்காவே கோடு போட்டார். நான் வெட்டினேன். முதலில் நினைத்ததைவிட அழகாகவே அமைந்தது.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, "இக்கட்டுல ஆண்டவர் எனக்கு ஒரு யோசனை குடுத்தார்" என்று கதையைச் சொன்னேன். தப்பாக வெட்டியது யார், யோசனை சொன்னது யார் என்பதை விழுங்கிவிட்டேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள்.

மறுநாள் சபைக்காரப் பெண் ஒருத்தி கடைக்கு வந்து, அந்தச் சாட்சியை அக்காவின் எதிரிலேயே மெச்சிவிட்டுப் போனாள். அவள் போகும்வரை அக்கா கொக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் அவன்தான் குடுத்தான். யோசனைய நீயே வெச்சிக்க" என்றார். "ஆனா அந்தம்மாகிட்ட நான் வாங்குன பேச்சு கீதே, அத்த மட்டும் போயி மாத்திட்டு வா."

"நாளைக்குப் போறேன்க்கா" என்றேன். அந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் யார் எனக்குக் கல்யாணத் துணி தருவார்கள்? கொடுத்தவர் ஆண்டவர் என்று ஊரறியச் சொன்ன எனக்கு, அவர் இனியும் கொடுப்பார் என்று நம்பத் துணிவில்லை. எழுதும்போதே கூசுகிறது.

போன வாரம் அந்தம்மா சின்ன மகளின் துணியோடு வந்தார். அக்காவைக் காட்டி, "இவங்க கையில மட்டும் குடுத்துடாத" என்றார்.

"சரிம்மா" என்று துணியை வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் அக்கா பிஸ்மில்லா சொல்லி ஊசியை எடுத்தார்.