இடது அறை ஏழு மில்லிமீட்டர்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆரணியில் பிரசவம் பார்க்கும் டாக்டராக இருந்தேன். மெட்ராஸில் பதினைந்து நாள் ஸ்கேன் பயிற்சி முடித்து, கறுப்பு வெள்ளை மிஷின் ஒன்றையும் வாங்கி வைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற பெண்களுக்குத் தெரியவேண்டியது குழந்தை நன்றாக இருக்கிறதா, தலை திரும்பிவிட்டதா என்பதுதான். நான் அதோடு விடுவேனா? வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதய அறைகளை அளப்பேன். எந்த மாதத்தில் எந்த அறை எத்தனை மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்ற அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து மிஷினுக்கு மேலே ஒட்டியிருந்தேன். ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஒரு பெருமை.

ஒருநாள் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கணவனோடு வந்தாள். இருவரும் பட்டு நெய்கிறவர்கள். துடிக்கிற படத்தைப் பொத்தானை அழுத்தி நிறுத்தி, வலது கீழறையை அளந்தேன். பதினொன்று. குழந்தை புரண்டது. மறுபடி படத்தைப் பிடித்து நிறுத்தி இடது கீழறையை அளந்தேன். ஏழு. அட்டவணைப்படி இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கவேண்டும்.

"இன்னாங்க டாக்டரம்மா, ஒண்ணுமே பேச மாட்டேன்றீங்க?" என்றான் கணவன்.

"இதயத்துல இடது பக்கம் சின்னதா இருக்கு. மெட்ராஸ்ல காட்டணும்."

அவள் வயிற்றிலிருந்த ஜெல்லியைத் துடைக்காமலே எழுந்து உட்கார்ந்தாள்.

எனக்கு வருத்தமில்லாமல் இல்லை. ஆனால் ஆரணியில் உட்கார்ந்துகொண்டே இப்படியொரு குறையைக் கண்டுபிடித்துவிட்டோமே என்று உள்ளே ஒரு குறுகுறுப்பு. இரண்டு நாள் கழித்து அவர்கள் கிளம்பியபோது, கூப்பிடாமலே நானும் பஸ் ஏறினேன். துணைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பாராட்டு வாங்கத்தான் போனேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா வெகுநேரம் படத்தை ஓடவிட்டே பார்த்தார். பிறகு நிறுத்தி, ஒரே படத்தில் இரண்டு அறைகளையும் அளந்தார். இரண்டும் பதினொன்று. என்னைத் தனியே அழைத்தார்.

"நீ எப்ப அளந்தே?"

"காலையில பத்து மணிக்கு மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மணியைக் கேக்கலை. இதயம் விரிஞ்சிருக்கும்போதா, சுருங்கியிருக்கும்போதா?"

வலதை விரிந்தபோதும் இடதைச் சுருங்கியபோதும் அளந்திருக்கிறேன். பயிற்சியின் இரண்டாம் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். நோட்டில் அடிக்கோடு போட்டுக்கூட எழுதியிருந்தேன்.

அவர் வெளியே வந்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள் என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கணவனுக்கு ஒரே சந்தோஷம். "நல்லவேளை, ஜல்தியா இட்டுகினு வந்தீங்க. ரெண்டே நாள்ல சரியாப் பூடுச்சு" என்றான். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். காஞ்சிபுரத்தில் இறங்கிப் போய் எனக்குச் சோடா வாங்கிவந்தான். குடிக்காமல் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

"குழந்தைக்கு முதல்லேர்ந்தே ஒண்ணும் இல்லை. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள்தான் பேசினாள். "ரெண்டு நாளா வயித்து மேல கைய வெச்சிகினே படுத்துனு இருந்தேங்க."

பிரசவத்துக்கு அவள் என்னிடம் வரவில்லை. பெண் குழந்தை, நல்ல எடை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கத் துணிவில்லை.

இரண்டு வருடம் கழித்து அடுத்த குழந்தைக்கு அவளே வந்தாள். நான் தயங்கித் தயங்கி, "இதயத்தையும் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பாருங்க. அளந்து முடிக்கிற வரைக்கும் மூஞ்சிய மட்டும் ஒரு மாதிரி வெச்சிக்காதீங்க."

ஒரே படத்தில், விரிந்திருக்கும்போது அளந்தேன். இரண்டும் சமம். என்மேல் நம்பிக்கையில்லாமல் இன்னும் இரண்டு முறை அளந்தேன். சொல்லலாமென்று திரும்பினால், அவள் தூங்கிப்போயிருந்தாள்.