நான் கேட்காமல் விட்ட கேள்வி

“நாலு பேருக்கு முன்னால வாய் திறக்கவே கூச்சப்படுறாள். இவள் ஆஸ்பத்திரியில என்னத்தைக் கேக்கப் போறாள்?” — நான் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது மாமி சொன்னது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் அதைக் காதில் வாங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, மாமி சொன்னது சரியாகிவிட்டது.

ஹம்பேர்க்கில் குழந்தைகள் வார்டில் எனக்கு வேலை. காலையில் ஒரு தமிழ்த் தாய், ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு வலிப்பு நோய், தினமும் மருந்து. அன்று வலிப்பு இல்லை. தூக்கம்... தட்டினாலும் கண் திறக்காத தூக்கம்.

டாக்டர் ஜெர்மனில் கேட்க, நான் தமிழில் சொன்னேன். ஒரு கேள்வி — நாங்கள் எழுதித் தராத கஞ்சா எண்ணெய் ஏதாவது கொடுக்கிறீர்களா? வலிப்புக்கு நல்லது என்று சிலர் தாங்களே வாங்கிக் கொடுப்பதால், வலிப்புள்ள எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் கேட்கிற கேள்விதான்.

தாயின் நெற்றி நிறையத் திருநீறு. அவரிடம் போய்க் கஞ்சாவா?

“வேற மருந்து ஏதும் குடுக்கிறனீங்களோ அக்கா?” என்று கேட்டேன். இல்லை என்றார். நானும் டாக்டரிடம் ஜெர்மனில் “நைன்”, இல்லை, என்றேன்.

மூளையில் ஏதோ கோளாறு என்று சந்தேகித்து, ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தார்கள். பிள்ளையின் மூச்சு மெதுவாகியது. மொனிட்டரில் எண்கள் இறங்கின. அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லையே?

தாயின் பக்கத்தில் குந்தினேன். “அக்கா, நான் முதல் சரியாக் கேக்கேல்லை. கஞ்சா எண்ணெய் ஏதும் குடுத்தனீங்களோ? ஏசக் கேக்கேல்லை. வைத்தியத்துக்குத் தெரியோணும்.”

அவர் கதவைப் பார்த்தார். “சொன்னா அரசாங்க ஆக்கள் பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போவினமோ தங்கச்சி?”

“மறைச்சாத்தான் பிள்ளை போயிடும் அக்கா.”

கைப்பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்று வந்தது. கஞ்சா எண்ணெய்; இங்கே கடைகளில் வெளிப்படையாக விற்பது. வலிப்பு குறையட்டும் என்று ஒரு வாரமாகச் சில துளிகள். அது ஏற்கெனவே கொடுக்கும் மருந்தோடு சேர்ந்து தூக்கத்தை ஏற்றிவிட்டது. டாக்டர் ஏசவில்லை. சொன்னதற்கு நன்றி என்று தாயிடம் சொன்னார். எண்ணெயை நிறுத்தி, ரத்தம் எடுத்து, மருந்தின் அளவை மாற்றினார். நான் விழுங்கிய கேள்வியையும் அவரிடம் சொன்னேன். “இனி எந்தக் கேள்வியையும் விடாதீர்கள்” என்றார்.

மாலையில் பிள்ளை கண் திறந்து யோகர்ட் கேட்டாள்.

கூச்சப்படுவது நான். ஆபத்து அவளுக்கு. இது என்ன நியாயம்?

அந்தக் கேள்வியை, கஞ்சா என்ற சொல்லோடு, தமிழில் எழுதி வார்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். வைக்கும் முன் உரக்கச் சொல்லிப் பழக மாமிக்கு போன் எடுத்து, அவரிடமே கேட்டேன்.

இந்த முறை கூச்சப்பட்டது மாமி.