பதினொரு ரத்துப் படிவங்கள்

ஒரு கிழமைக்குள் பதினொரு பேர் என்னிடம் எடுத்த பொலிசியை ரத்துச் செய்துவிட்டார்கள். எண்பதுகளின் கடைசி. நான் லண்டனில் ஆயுள் காப்புறுதி ஆலோசகராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. துப்புரவு வேலையிலிருந்து மாறி, முதன்முதலாகக் கதிரையில் உட்கார்ந்து பார்த்த வேலை அது.

அப்போதுதான் புதுச்சட்டம் வந்திருந்தது. பொலிசி எடுத்தவருக்குக் கொம்பனி ஒரு ரத்துப் படிவத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். மனம் மாறினால் பதினான்கு நாளுக்குள் அவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பலாம். ஆலோசகர் ஆசை காட்டி விற்றிருந்தால் தப்பிக்க ஒரு வழி. நல்ல சட்டந்தான்.

கொம்ப்ளையன்ஸ் அதிகாரி குணசேகரன் கூப்பிட்டார். நாங்கள் விதிப்படி விற்கிறோமா என்று பார்ப்பது அவர் வேலை. படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். சிரித்து ஒருவரும் கண்டதில்லை.

"இத்தனை பேர் ரத்து பண்ணா என்ன அர்த்தம்? தெரிஞ்சவங்கன்னு நெருக்கி வித்திருக்கீங்க. நான் ரிப்போர்ட் எழுதினா உங்க லைசென்ஸ் போயிடும், மேடம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "நான் ஒருத்தரையும் நெருக்கேல்லை, சேர். வேணுமெண்டால் நீங்களே வந்து கேளுங்கோ!" என்றேன்.

இல்ஃபோர்ட் வீடு

சனிக்கிழமை இருவரும் இல்ஃபோர்ட்டுக்குப் போனோம். சிவராசா பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்பவர். என் முதல் வாடிக்கையாளர். மற்றப் பத்துப் பேரும் அவர் அறிமுகப்படுத்திய கூட்டாளிகள்தான். "வாங்கோ அக்கா, வாங்கோ!" என்று ஓடி வந்து கதவைத் திறந்தார். என்னைத் தட்டிக்கழித்த மனிதர் போலவே இல்லை.

குணசேகரன் படிவத்தை நீட்டினார். "எதுக்கு ரத்து பண்ணீங்க?"

"ஐயோ, நான் எங்கை ரத்துச் செய்தனான்? இங்கிலீசு எனக்கு வடிவா விளங்காது; கையெழுத்துப் போடச் சொல்லிக் கோடு இருந்தது, போட்டனான். அண்டைக்கே போஸ்ட் பண்ணினனான்!" சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

மனைவி தவமலர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கடை அகதிக் கேசுக்கு ஹோம் ஒபிஸ் கடிதம் வந்தால் ஒரு நாளும் வைச்சிருக்கக்கூடாதெண்டு லோயர் சொன்னவர். அதிலையிருந்து இவர் எந்தக் கடிதத்தையும் விடுறேல்லை, அக்கா. கையெழுத்து வைச்சு அனுப்பிப்போட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்."

"கூட்டாளிமாருக்கும் நான்தான் போன் பண்ணிச் சொன்னனான்," என்றார் சிவராசா. "கடிதம் வந்தால் உடனை திருப்பி அனுப்புங்கோ, பிந்தினால் அக்காவுக்குக் கரைச்சல் எண்டு."

குணசேகரன் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கோ அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ரயிலில்

திரும்பும் வழியில் அவர் முகம் பழையபடி ஆனது. "நீங்க நெருக்கல, சரி. அந்தப் படிவம் எதுக்குன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. நேரமில்லை என்று சமாளித்திருக்கலாம். உண்மை அதுவல்ல. விற்க வந்தவள் விலகும் வழியையும் ஏன் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதை அவரிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

"பதினொரு வீட்டுக்கும் மறுபடி போங்க. எல்லாத்தையும் தமிழ்ல சொல்லுங்க, வேணாம்னு சொல்ற உரிமையையும் சேர்த்து. அப்புறம் பாக்கலாம்."

போனேன். வரி வரியாகச் சொன்னேன். பத்துப் பேர் மறுபடி எடுத்தார்கள். சிவராசா கன்னத்தில் கை வைத்தபடி முழுவதையும் கேட்டார். தவமலரைப் பார்த்தார். பிறகு, "கோவிக்காதேங்கோ, அக்கா. இப்பதான் வடிவா விளங்குது. தங்கச்சியை ஊரிலையிருந்து இஞ்சை எடுக்கக் காசு சேர்க்கவேணும். இருபது வருசம் கட்ட இப்ப ஏலாது. அண்டைக்கு நீங்கள் வந்து கேட்டபடியால்தான் ஓம் எண்டனான்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆளை நான் நெருக்கவில்லைதான். என்னைக் கண்டதே அவருக்கு நெருக்கடியாக இருந்திருக்கிறது. "கோபமே இல்லை, தம்பி," என்றேன். உண்மையாகவே இல்லை. அவர் மனம் திறந்து வேண்டாம் என்று சொன்னதில் அவ்வளவு சந்தோசம், அன்று அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

குணசேகரன் ரிப்போர்ட் எழுதவில்லை. இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், என் மிக நல்ல விற்பனை எது என்று கேட்பதுண்டு. சிவராசா வாங்காமல் விட்ட பொலிசியைத்தான் சொல்வேன்.