ஐந்து கேள்விகளும் ஜிங்கோ மாத்திரையும்

மருந்துக்கடை கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் அவள். ஞாபகசக்திக்கு மாத்திரை கேட்டு யார் வந்தாலும், "அதெல்லாம் சும்மாங்க, நல்லாத் தூங்கச் சொல்லுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவள், கணவருக்கு அல்சைமர் என்று தெரிந்த வாரமே அதே அலமாரியிலிருந்து மீன் எண்ணெய் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தன் தலையில் இடி விழுந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது?

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனுஷனுக்கு இப்போது குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒருநாள் கதவைத் திறந்து, "உங்களுக்கு யாருங்க வேணும்?" என்று அவளிடமே மரியாதையாகக் கேட்டார். அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மீன் எண்ணெயோடு வைட்டமின் சேர்ந்தது. பிறகு ஜிங்கோ என்கிற இலைச்சாற்று மாத்திரை. தினமும் காலையில் எல்லாவற்றையும் விழுங்கவைத்துவிட்டு ஐந்து கேள்விகள் கேட்பாள். வீடு எத்தனாவது மாடி? மகளுக்கு என்ன வேலை? கல்யாணமாகி எத்தனை வருஷம்? நீங்க என்ன வேலை பார்த்தீங்க? நான் யாரு? தெரியாதபோது அவளே பதிலைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பாள். ஆறாவது வாரம் ஐந்துக்கு ஐந்து. மகளுக்குப் போன் போட்டு, "அப்பா தேறிட்டு வர்றாரு" என்றாள். அதோடு விடாமல், ஒன்றாக இருந்த ஜிங்கோவை மூன்றாக்கினாள்.

நான்காம் நாள் அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"ரத்தம் உறையாம இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறாரு. அதோட இதையுமா? மருந்துக்கடையில இருக்கிற நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார் டாக்டர்.

"தப்புதான் டாக்டர். ஆனா இதுலதான் அவருக்கு ஞாபகம் வருது. நிறுத்தச் சொல்லாதீங்க. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

டாக்டர் அவளைக் காட்டி, "இவங்க யாருங்க?" என்றார்.

"மூணாவது மாடி."

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"டீச்சர்." மகள்தான் டீச்சர்.

அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. லிஃப்டைச் சோதிக்கும்போது கதவு, கயிறு, பிரேக் என்று வரிசை பிசகாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது அவருடைய பழக்கம். அவளும் ஒருநாள்கூடக் கேள்விகளை மாற்றிக் கேட்டதில்லை.

"நீங்க மாத்திக் கேட்டுட்டீங்க டாக்டர். வரிசையாக் கேட்டாச் சொல்லிடுவாரு." அவளே கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் கேட்கும் அதே குரலில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூணாவது மாடி. டீச்சர். இருபத்தாறு வருஷம். லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாவதைக் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

அவர் ஐந்தாவது கேள்விக்காகக் காத்திருந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, டாக்டரைப் பார்த்து, "என் பொண்டாட்டி" என்றார்.