குழாய் போட்டது யார்

தேர்தல் நெருங்கினால் எங்கள் மார்மன் சபை வகுப்பில் அந்த ராஜா கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். பைபிளோடு சேர்த்து நாங்கள் படிக்கிற மார்மன் வேதத்தில் வருகிற ராஜா. வயசான காலத்தில் ஜனங்களையெல்லாம் கூப்பிட்டு, கோபுரம் கட்டி மேலே நின்று, உங்கள் பொன்னுக்கு நான் ஆசைப்படவில்லை, என் கையால் உழைத்துத்தான் சாப்பிட்டேன் என்று சொல்லுவார்.

போன ஞாயிறு வகுப்பு எடுத்தது அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பி. நேர்மையானவர்களையும் விவேகமுள்ளவர்களையும் கருத்தாகத் தேடச் சொல்லி வேதத்தில் இன்னோரிடத்தில் இருக்கிறது, ஓட்டுப் போடும்போது அதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் கையைத் தூக்கினேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கேள்வி கேட்பதில் யாருக்கும் நான் சளைத்தவள் இல்லை.

"எல்லாம் சரி தம்பி. ராஜா சொன்னது நிஜமான்னு யார் போய்ப் பாத்தாங்க?"

வகுப்பே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. "அவரே சொல்றார் ஆன்ட்டி, இதுக்கெல்லாம் ஜனங்களே சாட்சின்னு" என்றார்.

அதற்குப் பிறகு வகுப்பில் என்ன பேசினார்களோ, என் காதில் விழவில்லை. மனசு சின்ன வயசில் இருந்த சனத்நகருக்குப் போய்விட்டது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. அப்பாவுக்கு அங்கே இஞ்சினியரிங் கம்பெனியில் வேலை. கம்பெனிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். தெலுங்குக்காரர்கள், உருதுக்காரர்கள், நடுவில் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பம். தண்ணீருக்கு ரயில் பாதை தாண்டிப் போக வேண்டும். என் தம்பியைப் பெற்றெடுக்க அம்மா ஊருக்குப் போயிருந்த சமயத்தில்தான் எங்கள் சந்துக்குக் குழாய் வந்தது.

மறுவருஷம் வார்டு தேர்தல். மாமா நின்றார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான், அவள் இடுப்பில் வளர்ந்தவர். ரிக்‌ஷாவில் ஏறி நின்று மைக்கில், "இந்தச் சந்துக்குக் குழாய் கொண்டுவந்தவன் நான்" என்று தெலுங்கிலும் உருதிலும் மாறி மாறிச் சொல்லுவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அவரை எதிர்த்து நின்றது சந்து முனையில் பஞ்சர் ஒட்டுகிற சைக்கிள் கடைக்காரர். மைக்கும் இல்லை, ரிக்‌ஷாவும் இல்லை. இவர் எதற்கு நிற்கிறார் என்று நாங்கள் கேலி பேசினோம்.

அந்தப் பக்கத்தில் பொட்டு வைத்து அழைத்தால் தட்டமாட்டார்கள். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரியே, ஓட்டுக்கும் வீட்டுப் பெண்கள் குங்குமம் எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போவார்கள். மாமா அம்மாவைப் போகச் சொன்னார். குங்குமச் சிமிழ் என் கையில். உருதுக்கார வீடுகளுக்குக் குங்குமம் கிடையாது, வெற்றிலை பாக்கு. அந்தத் தட்டையும் நானே பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

முதல் வீட்டிலேயே, அம்மாவை வதினா, அதாவது அண்ணி என்று கூப்பிடுகிற தெலுங்குக்கார அக்கா பொட்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "குழாய்க்காக ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது சைக்கிள் கடைக்காரர், வதினா. உங்க தம்பி திறப்புவிழா அன்னிக்கு மாலையோட வந்தாரு."

அம்மா முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்து வீட்டில் பொட்டு வைத்தாள், ஓட்டுக் கேட்கவில்லை. குழாய் வந்த கதையைக் கேட்டாள். அடுத்த வீட்டிலும் அதையே கேட்டாள். உருதுக்கார அக்கா ஒருத்தி வெற்றிலையை வாங்கிக்கொண்டு, "நக்கோ பூச்சோ" என்று கையை ஆட்டினாள். கேட்காதே என்று அர்த்தம். அம்மா நகரவில்லை. "சைக்கிள் கடைக்காரர்தானா?" என்றாள். "ஹவ்", ஆமாம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வீட்டோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. சந்தில் ஒரு வாசலாவது தன் தம்பி பக்கம் பேசாதா என்றுதான் அப்படி அலைந்தாள் என்று இப்போது படுகிறது. கருத்தாகத் தேடுவது என்றால் அதுதான். நமக்கு வேண்டாத பதில் வந்த பிறகும் தேடுவது.

எனக்கு அன்றைக்கு ஒரே எரிச்சல். மாமா சொல்லிக்கொடுத்ததை அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கடைசி வீட்டு வாசலில் நானே முன்னால் போய், "குழாய் போட்டது எங்க மாமாதான், அவருக்கே ஓட்டுப் போடுங்க!" என்று கத்தினேன். அம்மா குங்குமக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "தெரியாததைச் சொல்லாதே" என்றாள். பிறகு அந்த வீட்டுக்காரியைப் பார்த்து, "நீங்க பாத்தது உங்களுக்குத் தெரியும். பாத்தபடி போடுங்க" என்றாள்.

சாயங்காலம் மாமா சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். மாமா பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

"அரசியல்ல இதெல்லாம் சகஜம்க்கா. ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சிடுமா?"

"உனக்காக என் கழுத்துல கிடக்கிறதைக் கேளு, கழட்டித் தர்றேன். அந்த வார்த்தையைக் கேக்காதே."

"அப்ப நான் பொய்யன்."

"குழாய் விஷயத்துல ஆமாடா."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். மாமா கை கழுவாமல் எழுந்து போனார்.

மாமா தோற்றார். அந்தப் பொங்கலுக்கு அவரிடமிருந்து சீர் வராது என்று அப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. அது மெய்யாகவே வரவில்லை. அதற்கப்புறமும் பல பொங்கலுக்கு வரவில்லை.

ஜெயித்த அன்றைக்குச் சைக்கிள் கடைக்காரர் கழுத்து மாலையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு கூடை லட்டு. "பெஹன், உங்களால்தான்" என்று தங்கச்சி முறை வைத்துச் சொன்னார்.

அம்மா கூடையைத் தொடவில்லை. "உங்களுக்காக நான் ஒண்ணும் செய்யலை அண்ணா. குழாய் இல்லாத சந்து இன்னும் நாலு இருக்கு, அதைப் பாருங்க" என்றாள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். நெய் வாசனை வாசலிலேயே நின்றது.

நான் புரண்டு புரண்டு அழுதேன். அழுது ஓய்ந்து உள்ளே போனால், அம்மா அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு ஆசை இருக்கிறவள் அந்த லட்டை வாங்கியே வைத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு, அவளோடு பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன்.